சித்தப்பாவை எந்தப் பேரில் கூப்பிடுவது?

சேலத்திலிருந்து ஒரு வாசகி ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா ஏற்காடு மலையில் சொந்தச் சம்பாத்தியத்தில் நாலு ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கினார். நிழலுக்குச் சில்வர் ஓக், மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடி, நடுவில் காப்பி. 2009-ல் அப்பா உயில் எழுதாமலே திடீரென்று இறந்துவிட்டார். அப்போது வாசகிக்கு 16 வயது, தம்பிக்கு 12. அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு தம்பிதான். அந்தச் சித்தப்பா தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார், இவர்களையும் பார்த்துக்கொண்டார். பள்ளிப் படிவங்களில் ‘கார்டியன்’ என்ற இடத்தில் இருப்பது அவர் கையெழுத்து. 2013-ல் பாட்டி, அதாவது அப்பாவைப் பெற்றவர், காலமானார். 2015-ல், தம்பிக்கு 18 முடிந்த அடுத்த மாதமே, அம்மாவும் பிள்ளைகள் இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சித்தப்பாவுக்கு ‘பவர்’ (பொது அதிகாரப் பத்திரம்) எழுதிக்கொடுத்தார்கள். யாரும் படித்துப் பார்க்கவில்லை. 2021 மே மாதம் அம்மா கொரோனாவில் போய்விட்டார்.

2024 தீபாவளியன்று வாசகி முதல்முறையாகக் கணக்குக் கேட்டார். “கணக்கெல்லாம் உங்கப்பனுக்குத்தான் சொல்லணும், உனக்கில்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம் சித்தப்பா. இந்த 2026 தை மாதம் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில், 2023 ஜனவரியிலேயே ஒரு ஏக்கர் நாற்பது சென்ட்டை அந்தப் பழைய பவரை வைத்துத் தன் சொந்த மருமகனுக்குக் கிரயம் செய்துகொடுத்திருப்பது தெரிந்தது. விலை, பக்கத்துத் தோட்டம் போன விலையில் பாதிகூட இல்லை. காவல் நிலையத்துக்குப் போனார். “இது சிவில் மேட்டர்மா” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தம்பியோ, “சித்தப்பாவைக் கோர்ட்டுக்கு இழுத்தால் நீ எனக்கு அக்கா இல்லை, நீதான் துரோகி” என்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை: “டிரஸ்டியாக இருந்துகொண்டு இப்படிச் செய்தவரை உள்ளே தள்ள முடியாதா? அந்த நிலத்தில் ஒரு சென்ட்கூடப் பாத்தியம் இல்லாதவர் எப்படி விற்கலாம்? 420 போட முடியுமா? நோட்டீஸ் அனுப்பினால் அதில் அவரை என்னவென்று குறிப்பிடுவது?”

சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். முதல் பக்கத்தில் அவர் ‘சித்தப்பா’. இரண்டாம் பக்கத்தில் ‘கார்டியன்’. நாலாம் பக்கத்தில் ‘டிரஸ்டி’. ஆறாம் பக்கத்தில் ‘திருடன்’. ஏழாம் பக்கத்தில் எதுவுமே இல்லை, ‘அந்த ஆள்’. கோபம் ஏற ஏறப் பெயர் மாறுவது இயல்புதான். ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் இந்தப் பெயர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். எந்த நீதிமன்றம், எத்தனை வருடக் கெடு, என்ன கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பதெல்லாம் அவரை நீங்கள் என்னவாகச் சொல்கிறீர்கள் என்பதிலிருந்துதான் பிறக்கிறது. அதனால் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

கார்டியனும் இல்லை, டிரஸ்டியும் இல்லை

பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் ஒருவர் சட்டப்படி கார்டியன் ஆகிவிடுவதில்லை. அப்பா இறந்த பிறகு உங்களுக்கும் தம்பிக்கும் இயற்கைப் பாதுகாவலர் அம்மாதான். சித்தப்பா செய்தது உதவி. அந்தப் படிவங்களைத் தேடிப் பள்ளிக்கு அலைய வேண்டாம்.

‘டிரஸ்டி’ என்ற சொல் உங்கள் வீட்டில் எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. கோயிலுக்குத் தர்மகர்த்தா மாதிரி, குடும்பச் சொத்தைப் பொறுப்பாகப் பார்ப்பவர் என்ற பொருளில் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் இது சகஜம். சட்டம் இந்தச் சொல்லை அப்படித் தாராளமாகக் கொடுப்பதில்லை. நிலத்தைப் பொறுத்தவரை டிரஸ்ட் என்று ஒன்று உருவாக வேண்டுமானால், 1882-ம் வருட டிரஸ்டுகள் சட்டப்படி எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரமோ உயிலோ வேண்டும். உங்களிடம் இரண்டும் இல்லை.

இதில் உங்களுக்கு ஒரு நஷ்டம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. பத்திரம் மூலம் டிரஸ்டியாக நியமிக்கப்பட்டவர்மீது டிரஸ்ட் சொத்தை மீட்க வழக்குப் போடுவதற்குக் காலக்கெடுவே கிடையாது. காலவரையறைச் சட்டத்தின் 10-ம் பிரிவு அப்படிச் சொல்கிறது. “டிரஸ்டிக்கு டைம் லிமிட் இல்லை என்று கேள்விப்பட்டேன்” என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். உண்மைதான், ஆனால் உங்கள் சித்தப்பாவுக்குப் பொருந்தாது. அந்த நம்பிக்கையில் காலத்தைக் கடத்திவிடாதீர்கள்.

அப்படியானால் அவர் யார்? ஏஜெண்ட். பத்திரத் தமிழில் ‘அதிகார முகவர்’. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். பேருந்து டிக்கெட் போடுகிறவரும் ஏஜெண்ட், இன்சூரன்ஸ் பிடிக்கிறவரும் ஏஜெண்ட். ஆனால் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம் ஏஜெண்ட்மீது சுமத்தியிருக்கும் கடமைகள் லேசானவை அல்ல. கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும், இது 213-ம் பிரிவு. உங்களுக்குத் தெரியாமல் அந்தச் சொத்திலேயே தன் சொந்த ஆதாயத்துக்கு வியாபாரம் பண்ணி, முக்கியமான விஷயத்தை மறைத்தாலோ, அது உங்களுக்குப் பாதகமாக முடிந்தாலோ, அந்த வியாபாரத்தையே ஏற்க மறுக்கலாம், இது 215. மருமகன் பெயரில் வாங்கியது தனக்கே வாங்கிக்கொண்டதற்குச் சமம் என்று காட்ட முடிந்தால் இந்தப் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். டிரஸ்டி இல்லை என்றாலும், பிறர் நலனைக் காக்கக் கடமைப்பட்ட இடத்தில் இருப்பவர் அந்த இடத்தை வைத்துச் சம்பாதித்ததை அவர்களுக்காகவே வைத்திருக்க வேண்டும் என்று டிரஸ்டுகள் சட்டத்தின் 88-ம் பிரிவும் சொல்கிறது.

பவர் பத்திரத்தின் நகலை அனுப்பியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் கீழிருந்து நாலாவது வரியைப் பாருங்கள்: “எங்கள் ஏஜெண்ட் செய்யும் சகல காரியங்களும் நாங்களே நேரில் இருந்து செய்தது போலாகும்.” பத்திர எழுத்தர்கள் எல்லாப் பவரிலும் போடுகிற வரிதான் இது. இதைப் படித்துவிட்டுத்தான் “எல்லாம் முடிந்துபோச்சு” என்று எழுதியிருக்கிறீர்கள் போலும். ‘நாங்களே செய்தது போல’ என்றால் நீங்கள் உயிரோடு இருக்கும்வரை, உங்களுக்காகச் செய்கிறவரை என்று அர்த்தம். இறந்துபோனவர் நேரில் இருந்து எதையும் செய்ய முடியாது அல்லவா?

அம்மாவோடு போன பவர்

பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. ஒப்பந்தச் சட்டம் 201-ம் பிரிவு. ஏஜெண்டுக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்து, அதைக் காப்பதற்காக எழுதிய பவர் மட்டும் இதற்கு விலக்கு, உங்கள் பத்திரத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை. ஆக, 2021 மே மாதமே அம்மாவின் பங்கைப் பொறுத்தவரை சித்தப்பாவின் அதிகாரம் தீர்ந்துபோனது. உங்கள் பங்குக்கும் தம்பி பங்குக்கும் பவர் நின்றதா என்பது வாதத்துக்குரியது. மூவரும் சேர்ந்து ஒரே பத்திரமாக எழுதியதால் ஒருவர் போனதும் முழுவதுமே போனது என்று நாம் சொல்லலாம். அவரவர் பங்குக்குத் தனித்தனி என்று எதிர்த்தரப்பு சொல்லும். இதில் ஜெயித்தே தீருவோம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

வாங்கியவர், “பவர் கொடுத்தவர் இறந்தது எனக்குத் தெரியாது, நல்லெண்ணத்தில் வாங்கினேன்” என்று சொல்வது வழக்கம். பவர் முடிந்த சேதி தெரியாத மூன்றாம் ஆளைச் சட்டம் ஓரளவு காப்பாற்றுகிறது. ஆனால் இங்கே வாங்கியவர் மருமகன். உங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி பரிமாறினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போட்டோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தமிழ்நாட்டில் பழைய பவரை வைத்துக் கிரயம் பதிய வரும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்கு உயிர்வாழ் சான்று கேட்பது பதிவுத் துறை நடைமுறை. 2023 ஜனவரிப் பதிவில் உங்கள் அம்மாவுக்கு அப்படி ஏதும் சான்று வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சான்றிட்ட நகல் கேட்கும்போது கிரயப் பத்திரத்தை மட்டுமல்ல, அதனுடன் தாக்கலான இணைப்புகளையும் கேளுங்கள். இறந்து இருபது மாதம் ஆனவர் உயிரோடு இருப்பதாக ஒரு காகிதம் அதில் இருந்தால் வழக்கின் முகமே மாறிவிடும். அப்போது அது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விவகாரம் இல்லை, பொய் ஆவணம். காவல் நிலையத்தில் ‘சிவில் மேட்டர்’ என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. அப்படி எதுவும் இல்லாமலும் இருக்கலாம். பார்க்கும்வரை யாரிடமும் இதைச் சொல்ல வேண்டாம், தம்பியிடம்கூட.

ஒரு சென்ட்கூட இல்லையா?

நீங்கள் விரும்பாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டி 2013-ல் காலமானார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கைத் திருப்பிப் போடக்கூடிய வரி அது.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள் மட்டுமல்ல, அவரைப் பெற்ற தாயும் உண்டு. 2009-ல் அப்பா போனபோது பாட்டி உயிரோடு இருந்தார். எனவே தோட்டம் அம்மா, நீங்கள், தம்பி, பாட்டி என்று நாலு சம பங்கு. ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியும் உயில் எழுதாமல் இறந்திருந்தால், தாத்தா முன்பே போய்விட்டிருந்தால், அவருடைய ஒரு ஏக்கரில் பாதி சித்தப்பாவுக்கு, மறு பாதி முன்பே இறந்த மூத்த மகனின் பிள்ளைகளான உங்கள் இருவருக்கு. பிறகு அம்மாவின் ஒரு ஏக்கர் உங்கள் இருவருக்கும் சமமாக வருகிறது.

கூட்டிப் பார்த்தால், உங்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர், தம்பிக்கு ஒன்றே முக்கால், சித்தப்பாவுக்கு ஐம்பது சென்ட்.

“ஒரு சென்ட்கூடப் பாத்தியம் இல்லாதவர்” என்ற வாக்கியத்தை நோட்டீஸில் எழுதி அனுப்பியிருந்தால், அவருடைய வக்கீல் சந்தோஷமாக இந்த ஓட்டையைப் பிடித்து உள்ளே வந்திருப்பார். 2015-ல் பவரை வாங்கிக்கொண்டபோது தனக்கும் பங்கு உண்டு என்று அவர் வாய் திறக்கவில்லை. அது நம் வாதத்துக்குக் கொஞ்சம் உதவும். அதற்காக அந்த ஐம்பது சென்ட் ஆவியாகிவிடாது. நம் ஊரில் அப்பாவழிச் சொந்தத்தைப் பங்காளி என்கிறோம். பெரும்பாலும் சண்டைக்குத்தான் அந்தச் சொல்லை எடுக்கிறோம். உங்கள் சித்தப்பா அந்தச் சொல்லின் நேர் அர்த்தத்திலேயே பங்காளி.

அவர் விற்றது ஒரு ஏக்கர் நாற்பது. தன் பங்கான ஐம்பது சென்ட்டை அவர் யாருக்கும் விற்கலாம். மிச்சத் தொண்ணூறு சென்ட்தான் சண்டைக்குரியது. அதனால் வெறும் ‘பத்திர ரத்து’ வழக்கைவிட, பாகப்பிரிவினை வழக்காகப் போட்டு, அதிலேயே 2023 கிரயம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்ற விளம்புகையையும் (நீதிமன்ற அறிவிப்பு) கணக்கையும் சேர்த்துக் கேட்பதுதான் சரியான வடிவம் என்று எனக்குப் படுகிறது. தம்பி சேர மறுத்தால் நீங்கள் ஒருவரே போடலாம். பங்குதாரர் எல்லோரும் வழக்கில் இருக்க வேண்டும் என்பதால் தம்பியைப் பிரதிவாதியாகக் காட்ட வேண்டிவரும். சம்மன் போவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டு, இது முறைக்காகச் சேர்ப்பது, உன்மீது குற்றம் சொல்லவில்லை என்று விளக்கிவிடுங்கள். தபால்காரர் மூலமாகத் தெரிந்துகொள்கிற தம்பி வேறு, அக்கா வாயால் கேட்கிற தம்பி வேறு.

துரோகத்துக்குப் பிரிவு இல்லை

துரோகம் என்பது பெரிய சொல். ஆனால் குடும்பத்துக்குள் நடந்த துரோகத்துக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பிரிவு எண் கிடையாது. சட்டத்திடம் இருப்பவை சின்னச் சின்னச் சொற்கள்: ஏமாற்றுதல், கையாடல், நம்பிக்கை மோசடி. மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் சட்டத்துக்கு ஒவ்வொன்றும் வேறு.

ஏமாற்றுதல், நீங்கள் சொல்லும் 420, ஆரம்பத்திலேயே கெட்ட எண்ணம் இருந்தால்தான். பொய் சொல்லி வாங்குவது. நம்பிக்கை மோசடி அப்படியல்ல. நேர்மையாகக் கைக்கு வந்த பொருளைப் பிற்பாடு நேர்மையில்லாமல் தனதாக்குவது. ஒரே சம்பவத்துக்கு இரண்டையும் சேர்த்துப் போட முடியாது என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகவே சொன்னது. புகார் எழுதித் தருகிறவர்கள் இன்னமும் ‘406, 420’ என்று ஜோடியாகவே எழுதுகிறார்கள், கை பழக்கம்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், சிறிய எழுத்தில், “என் காலேஜ் ஃபீஸ் நாலு வருஷமும் அவர்தான் கட்டினார்” என்று இருக்கிறது. அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே 420-க்கு எதிரான சாட்சி. ஆரம்பத்தில் அவர் நல்லவராகத்தான் இருந்திருக்கிறார். தம்பிக்கு 18 ஆன அடுத்த மாதமே பவர் எழுதியது சந்தேகத்தைக் கிளப்பும், சரி. மேஜர் ஆகும்வரை தம்பி கையெழுத்துப் போட முடியாதே, அதனால் காத்திருந்தோம் என்று அவர் சொன்னால் அதற்கும் பதில் வேண்டும்.

ஆகவே சரியான சொல் நம்பிக்கை மோசடி. கிரயம் நடந்தது 2023 என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும்: 406-ன் கீழ் மூன்று வருடம் வரை தண்டனை. ஏஜெண்ட் செய்தால் 409, அதில் பத்து வருடம் வரை, ஆயுள்கூட. ஆனால் 409 ‘தொழில் முறையில்’ ஏஜெண்டாக இருப்பவரைப் பற்றிப் பேசுகிறது. குடும்பத்துக்காகப் பவர் வாங்கிய சித்தப்பாவை அதற்குள் கொண்டுவருவது கஷ்டம். 2024 ஜூலை 1 முதல் நடந்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ம் பிரிவு, அதில் சாதாரண நம்பிக்கை மோசடிக்கே ஐந்து வருடம் வரை. ஏமாற்றுதல் இப்போது 318-க்குப் போய்விட்டது. ‘ஃபோர் ட்வென்டி’ என்று திட்டினால் ஊருக்கே புரிந்தது, ‘முந்நூற்றுப் பதினெட்டு’ என்றால் யாருக்குப் புரியும்?

காவல் நிலையத்தில் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அவருக்கும் பங்கு உண்டு, கணக்கு இன்னும் முடியவில்லை என்னும்போது போலீஸ் தயங்கத்தான் செய்யும். ஆனால் புகாரை வாங்கவே மறுப்பது தவறு. எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான சீட்டு) கேளுங்கள். தராவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். சிவில் வழக்கும் கிரிமினல் புகாரும் ஒன்றையொன்று தடுக்காது. என் யோசனை, சான்றிட்ட நகல்கள் கைக்கு வரும்வரை புகாரை நிறுத்தி வையுங்கள். ‘உள்ளே தள்ளுவது’ உங்கள் நோக்கமா, நிலம் திரும்பி வருவது நோக்கமா என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசியுங்கள். எழுபதை நெருங்கும் மனிதரை ரிமாண்டுக்கு அனுப்பினால் தொண்ணூறு சென்ட் தானாகத் திரும்பி வராது.

அந்த நோட்டுப் புத்தகம்

செல்போனில் நீங்கள் எடுத்த இரண்டு பக்கத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நீல அட்டை நோட்டு, சித்தப்பாவின் கையெழுத்து. ‘செர்ரி 11 மூட்டை’ (காப்பிப் பழம்), ‘மிளகு 38 கிலோ’, கீழே கவாத்துக் கூலி, களை, உரம். அதற்கும் கீழே ‘ஓக் மரம் 16’. அந்த 16-ஐக் கூர்ந்து பாருங்கள். அதில் ‘1’ மற்ற எழுத்துகளைவிடத் தடிமனாக, வேறு மையில் இருக்கிறது. அதற்கடியில் இரண்டின் வளைவு லேசாகத் தெரிகிறது. 26-ஐ 16 ஆக்கியிருக்கலாம். எழுதும்போதே பிசகித் திருத்தியும் இருக்கலாம். மலைப் பகுதியில் மரம் வெட்ட முறையாக அனுமதி கேட்டிருந்தால் அந்தக் கோப்பில் மர எண்ணிக்கை இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடலாம்.

போட்டோவை வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ‘திருடன்’ என்ற தலைப்போடு போட்டால் அவதூறு என்று உங்கள்மேல் ஒரு வழக்கு வரும். அதைவிட முக்கியம், அடுத்த வாரமே அந்த நோட்டு அடுப்புக்குப் போய்விடும். படம் எடுத்த போனை மாற்றாமல், விற்காமல் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் அதற்கான சான்றிதழ் கொடுக்க அந்த போனே தேவைப்படும்.

கணக்கு என்பது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கூலி, உரம், தோட்டத்துக்காகக் கைக்காசு போட்டது, எல்லாவற்றையும் கழித்துக்கொள்ள ஏஜெண்டுக்கு உரிமை உண்டு. வருமானம் முழுவதும் உங்களுடையது என்ற எண்ணத்தோடு உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இப்போதே செய்ய வேண்டியவை

முதலில் பவரை ரத்து செய்யுங்கள். உங்கள் அளவில் நீங்கள் ஒருவரே செய்யலாம். எந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் பவர் பதிவானதோ அங்கேயே ரத்துப் பத்திரம் பதியுங்கள், அடுத்து வில்லங்கம் போடுகிறவர் கண்ணில் படும். நகலைச் சித்தப்பாவுக்குப் பதிவு செய்த விரைவுத் தபாலில் ஒப்புகையுடன் அனுப்புங்கள். ரத்து செய்த சேதி அவருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அவர் கை கட்டப்படும். பாக்கி இருக்கும் இரண்டு ஏக்கர் அறுபதைக் காப்பாற்ற இதுதான் முதல் வேலை, இந்த வாரமே.

இரண்டாவது, கெடு. ஏஜெண்டிடம் கணக்குக் கேட்கும் வழக்குக்கு, கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று வருடம். தீபாவளியன்று அவர் எழுந்து போனாரே, அதுவே மறுப்பு என்று எடுத்துக்கொண்டால் 2027 அக்டோபரில் கெடு முடிகிறது. அம்மாவின் பங்குக்கான ஏஜெண்ட் கணக்கில் நிலைமை மோசம். அவர் இறந்த நாளிலேயே ஏஜென்சி முடிந்துவிட்டது. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் கழித்துவிட்ட காலத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் 2025 பிப்ரவரி கடைசியோடு கெடு போய்விட்டது. பாகப்பிரிவினை வழக்கில் கூட்டுச் சொத்தின் வருமானமாக ஒரு பகுதியை மீட்கலாம், முழுவதும் அல்ல. கிரயத்தை எதிர்ப்பதற்கு, உங்களுக்குத் தெரிந்த நாளான இந்தத் தை மாதத்திலிருந்து மூன்று வருடம். வில்லங்கச் சான்றில் தேதி இருக்கும், அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். பன்னிரண்டு வருடம் இருக்கிறது என்று யாராவது டீக்கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

மாவட்டப் பதிவாளரிடம் மனுக் கொடுத்தாலே பத்திரம் ரத்தாகிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவைச் சொல்கிறார். தமிழ்நாட்டில் 2022-ல் வந்த பிரிவு அது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதை நம்பி அலைய வேண்டாம். ஆனால் மருமகன் பெயருக்குப் பட்டா மாறாமல் இருக்க ஏற்காடு தாசில்தாரிடம் ஆட்சேப மனு இன்றே கொடுக்கலாம்.

வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்குகிறீர்கள் என்று புரிகிறது. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைக்கும் சமரச ஏற்பாடும் அங்கே உண்டு. உங்கள் விவகாரத்துக்கு அதை முயன்று பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஐம்பது சென்ட் அவருக்கு உண்டு என்பதை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தால், தம்பி உங்கள் பக்கம் நகர்ந்து வர வாய்ப்பு இருக்கிறது. சித்தப்பாவும் யோசிப்பார். யோசிக்காவிட்டால் வழக்கு இருக்கவே இருக்கிறது.

சரி, நோட்டீஸில் என்ன எழுதுவது என்று கேட்டீர்களே. நானாக இருந்தால் இப்படித் தொடங்குவேன்: “தாங்கள் என் கட்சிக்காரரின் தந்தையுடன் பிறந்த தம்பியும், 2015-ம் வருடப் பொது அதிகாரப் பத்திரப்படி அவருக்கு ஏஜெண்டாக இருந்தவரும், கீழே சொத்து விவரத்தில் கண்ட நிலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு உரியவரும் ஆவீர்கள்.” டிரஸ்டி இல்லை, கார்டியன் இல்லை, திருடன் இல்லை. அந்த ‘எட்டில் ஒரு பங்கு’ என்பதை எழுதுவதற்கு முன் எனக்குப் பாட்டியின் இறப்புச் சான்றும், தாத்தாவின் இறப்புச் சான்றும், அப்பாவின் மூலப் பத்திரமும் வேண்டும். பாட்டியின் சான்று வீட்டில் இல்லை என்றால் பிறப்பு இறப்புப் பதிவில் 2013-க்குத் தேடச் சொல்லுங்கள்.